டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பிக்கும் செமஸ்டரில் 21 யூனிட்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மகள் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில், ஒரு கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடப் பாடங்களை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகும் இடம்) கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்கான பாடங்களைப் படிக்கிறாள். முதல் வருடம் 13, 14 என்று இரண்டு செமஸ்டரில் 27 யூனிட், சம்மரில் ஒரு 3 யூனிட் பாடம், ஆக மொத்தம் 30. ஜி.பி.ஏ., அதாவது 4க்கு எடுக்கும் மதிப்பெண் சராசரி, 3.7க்குக் கொஞ்சம் மேலே. ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டருக்கு கால்குலஸ் 3, ஃபிசிக்ஸ் 2, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கெமிஸ்ட்ரி, ஒரு ஹியூமானிட்டீஸ் பாடம் என்று 21 யூனிட் எடுக்கப் போகிறாள். வாரம் 15 மணி நேரம் கடை வேலையும் இருக்கிறது. "இந்த வயசுல கஷ்டப்படாம எப்ப கஷ்டப்படுறது" என்கிறார் அவள் அப்பா. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் காலேஜ் கவுன்சிலரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். உங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கேள்வி 21 யூனிட் பற்றித்தான் என்றாலும், கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இல்லாவிட்டால் மூன்றாவது வருடமும் அங்கேயே என்று ஆகிவிடுமே." நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். 21 எடுக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடுமா, எடுத்தால் அந்த வருடம் மிஞ்சுமா? இதற்கு உங்கள் மகள் விஷயத்தில் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். போட்டுப் பார்த்தேன். 21 எடுக்காமலே இரண்டு வருடத்தில் முடிக்க வழி இருக்கிறது.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். இதே பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் 17 வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். கால்குலஸ் 3 எனக்கு ஏறக்குறைய எல்லா வருடமும் வரும். டிரான்ஸ்ஃபர் ஆகப் போகிற பிள்ளைகளை அந்தக் கடைசி வருடத்தில் பக்கத்திலிருந்து பார்க்கிற இடம் என்னுடையது. நான் கவுன்சிலர் இல்லை, யு.சி.யில் (பல வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சேர்க்கைப் பணி செய்தவனும் இல்லை. விதிமுறையாக எழுதி வைத்திருப்பது எது, என் வகுப்பறையில் கண்டது எது என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன். இரண்டாவதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு 3 மணி நேர உழைப்பு. வகுப்பில் 1, வெளியே 2. யூனிட் என்பதை வரையறுத்திருப்பதே அப்படித்தான். 21 யூனிட்டுக்கு 63 மணி. கடை வேலை 15. ஆக 78. வாரத்தில் இருப்பது 168 மணி. ஒரு நாளைக்கு 8 மணி தூக்கத்துக்கு 56 போனால் விழித்திருப்பது 112. அதில் 78 போக மிச்சம் 34. ஒரு நாளைக்கு 5 மணிக்கும் குறைவு. சாப்பாடு, குளியல், காரிலோ பஸ்ஸிலோ போக வர, உங்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச, எல்லாம் அதற்குள். ஒரு நாள் காய்ச்சல் வந்தால்கூடக் கணக்கு இடிக்கும்.

இந்த 3 மணி என்பது எல்லாப் பாடத்துக்கும் அச்சடித்தாற்போல் பொருந்தாது, அதையும் சொல்ல வேண்டும். ஹியூமானிட்டீஸ் பாடம் படிக்கப் பிடித்த பிள்ளைக்கு இதைவிடக் குறைவாக முடியும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அப்படி இல்லை. ஒரு பாயின்டர் தப்பாகப் போய் நிரல் விழுந்தால், தப்பு 10 நிமிடத்தில் கிடைக்கலாம், ராத்திரி 2 மணி வரையும் கிடைக்காமல் போகலாம். ஃபிசிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் லேப் நேரம் யூனிட் கணக்குக்குள் வந்துவிடும், லேப் ரிப்போர்ட் எழுதும் நேரம்தான் கணக்குக்கு அடங்காது. உங்கள் மகளின் பட்டியலில் இந்த மாதிரி நேரத்தை விழுங்கும் பாடங்கள் நான்கு. அந்தச் 'சராசரி' 3 மணியைவிட அவளுக்குக் கூடத்தான் ஆகும் என்பது என் கணிப்பு.

இடையில் ஒன்று. டி ஆன்சா, ஃபூட்ஹில் போன்ற காலேஜ்கள் குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக, நடக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், 21 குவார்ட்டர் யூனிட் என்பது 14 செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம், அதனால் பாரம் குறைவு என்று நினைக்கிறார்கள். கிடைக்கும் கிரெடிட் 14தான், ஆனால் குவார்ட்டர் குறுகியது. வாரத்துக்கு உழைக்க வேண்டிய நேரம் அதே 63 மணிதான் வரும். உங்கள் மகளுக்கு ஆகஸ்டில் தொடங்குகிறது என்பதால் செமஸ்டர் என்றே எடுத்துக்கொண்டேன்.

சரி, இப்போது விதிகளுக்கு வருவோம். இவை உறுதியானவை. யு.சி.க்கு ஜூனியராக, அதாவது மூன்றாம் வருட மாணவியாகப் போக, யு.சி. ஏற்கும் பாடங்களில் 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். ஏழு பாடங்கள் கொண்ட ஒரு குறைந்தபட்சப் பட்டியல் உண்டு: ஆங்கில எழுத்து 2, கணிதம் 1, மற்ற துறைகளிலிருந்து 4. அவற்றில் ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4. இந்த 2.4 வாசலில் நிற்பதற்கு மட்டும்தான் உதவும். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கேட்கிறவர்களுக்கு உள்ளே போக வேண்டிய மதிப்பெண் வேறு உயரம். டேக் என்கிற உறுதிச் சேர்க்கைத் திட்டத்தை டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்கள் வைத்திருக்கின்றன. அதில் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். கம்ப்யூட்டர் தொடர்பான படிப்புகளுக்குப் பல வளாகங்கள் டேக் கொடுப்பதில்லை என்பதால், அதை நம்பித் திட்டம் போடும் முன் அந்தந்த வளாகத்தின் இந்த வருடப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றிலும் டேக் கிடையாது.

60இல் 30 அவள் கையில் இருக்கிறது. மீதி 30, இரண்டு செமஸ்டர். அப்படியானால் 15, 15. 21 எங்கிருந்து வந்தது? தகுதி யூனிட்டிலிருந்து வந்திருக்க முடியாது. இன்ஜினியரிங்குக்கு முன்கூட்டியே முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியலிலிருந்தும், "எல்லாவற்றையும் முடித்துவிட்டால் நல்லது" என்ற எண்ணத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜினியரிங் பாடங்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கொக்கி போட்டு வரும். கால்குலஸ் 3 முடிந்தால் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். ஃபிசிக்ஸ் 2 முடிந்தால் ஃபிசிக்ஸ் 3, கூடவே சர்க்யூட்ஸ். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸோ அதற்கு முந்தைய நிரல் பாடமோ முடிந்தால் கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர். முந்தியதை முடிக்காமல் பிந்தியதில் சேர விடமாட்டார்கள். ஆகவே காலேஜில் எத்தனை செமஸ்டர் ஆகும் என்பதை இந்தக் கொக்கிகளின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஒரு செமஸ்டரில் எத்தனை யூனிட் அடைத்தாலும் கால்குலஸ் 3ஐயும் அதற்குப் பிறகு வருவதையும் ஒரே நேரத்தில் படிக்க முடியாது. இந்த 17 வருடத்தில் நான் பார்த்த பெரிய தவறு இதுதான்: ஒரு பக்கம் நீளமான சங்கிலி இருக்க, இன்னொரு பக்கம் எப்போது வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பாடங்களை அதன் மேல் ஏற்றி, சங்கிலியையே அறுத்துக்கொள்வது.

உங்கள் மகளுக்குச் சங்கிலி சரியான இடத்தில் இருக்கிறது. இந்த செமஸ்டரில் கால்குலஸ் 3, ஃபிசிக்ஸ் 2, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மூன்றும் கட்டாயம் வேண்டும். 5, 4, 4 என்று 13 யூனிட். இவை மூன்றும் அடுத்த செமஸ்டருக்குக் கதவு திறப்பவை. கெமிஸ்ட்ரியும் ஹியூமானிட்டீஸும் எந்தக் கதவையும் திறக்கவில்லை. அசிஸ்ட் என்ற தளத்தில் அவள் காலேஜ் பெயரையும் போக நினைக்கும் வளாகத்தின் பெயரையும் போட்டால், அந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற ஒப்பந்தம் வரும். கெமிஸ்ட்ரியைச் சில வளாகங்கள் கேட்கும், சில கேட்பதில்லை. ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியே பாருங்கள். கேட்காத வளாகங்கள் மட்டுமே அவள் பட்டியலில் இருந்தால் 5 யூனிட் அந்த நிமிடமே கழன்றுவிடும். ஒரு எச்சரிக்கை: ஃபிசிக்ஸ் மாதிரித் தொடராக வரும் பாடங்களை ஒரு பாகம் இங்கே, ஒரு பாகம் பக்கத்துக் காலேஜில் என்று பிரித்துப் படிக்க வேண்டாம். தொடர் முழுவதும் ஒரே இடத்தில் முடித்தால்தான் ஈடு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

ஹியூமானிட்டீஸ் மாதிரி பொதுப் பாடங்களைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. கால்-கெட்சி என்ற பொதுப் பாடத் தொகுப்பை (2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஐகெட்சியின் இடத்தில் வந்தது) முழுதாக முடித்தால்தான் யு.சி. எடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அந்த ஏழு பாடங்கள் கட்டாயம். அதற்கு மேல், இன்ஜினியரிங் மாணவர்கள் துறைக்கான கணிதம், ஃபிசிக்ஸ், நிரல் பாடங்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் யு.சி. இன்ஜினியரிங் பிரிவுகள் சொல்வது. விட்டுப்போன பொதுப் பாடத்தைப் போன பிறகும் படிக்கலாம். ஹியூமானிட்டீஸ் ஏழில் ஒன்றாக அவளுக்கு இன்னும் பாக்கி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதுவும் இறங்கலாம்.

கணக்கை முடிக்கிறேன். 13உடன் ஹியூமானிட்டீஸ் 3 சேர்த்தால் 16. கையில் இருக்கும் 30உடன் 46. அடுத்து வரும் ஸ்பிரிங் செமஸ்டரில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், ஃபிசிக்ஸ் 3, சர்க்யூட்ஸ், கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் என்று போட்டால் 16 பக்கம் வரும். 60ஐத் தாண்டிவிட்டாள், இரண்டு வருடத்தில். லீனியர் அல்ஜீப்ரா தனிப் பாடமாக இருக்கும் காலேஜ் என்றால், அதற்குப் பெரும்பாலும் கால்குலஸ் 2 போதும். ஹியூமானிட்டீஸ் இடத்தில் அதை இப்போதே வைத்து, ஸ்பிரிங்கை இலேசாக்கலாம். அவள் காலேஜின் பாட எண்களும் யூனிட்டும் ஒன்றிரண்டு மாறலாம், அதனால் இந்தக் கூட்டலை அவளையே உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள்.

மதிப்பெண் பக்கம் வருவோம். அவளுக்கு இப்போது 30 யூனிட்டுக்கு ஏறக்குறைய 3.73 என்று வைத்துக்கொள்கிறேன். 16 யூனிட் எடுத்து ஃபிசிக்ஸில் ஒரு பி, மற்றதில் ஏ வாங்கினால் மொத்தம் 3.74. 21 யூனிட் எடுத்து, ஹியூமானிட்டீஸில் ஏ, கால்குலஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றிலும் பி, ஃபிசிக்ஸில் ஒரு சி வந்தால் மொத்தம் 3.41. இரண்டாவது அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு மோசமான செமஸ்டர் எவ்வளவு இழுக்கும் என்று காட்டத்தான் போட்டேன். இதில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு விதி உண்டு. டி, எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்பப் படிக்கலாம். சி வாங்கியதை மதிப்பெண் கூட்டுவதற்காகத் திரும்பப் படிக்க முடியாது. அந்த சி கடைசி வரை அங்கேயே இருக்கும்.

நாலைந்து வருடத்துக்கு முன் என் மாலை 6 மணி வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் ஐந்து பாடம், வாரக் கடைசியில் வேலை. முதல் தேர்வில் 91. அக்டோபர் நடுவில் இரண்டாம் தேர்வு, கோள ஆயத்தொலைவில் மூன்று தொகையிடல் கணக்குகள். அவள் வரைந்த படம் சரி, எல்லைகள் சரி, ஆனால் உள்ளே எழுத வேண்டிய ரோ வர்க்கம் சைன் ஃபை என்ற பெருக்கியை மூன்றிலுமே விட்டிருந்தாள். முந்தைய வாரம்தான் என் அறையில் பக்கத்து நாற்காலிப் பையனுக்கு அது ஏன் வருகிறது என்று படம் போட்டு விளக்கியவள். அழைத்து விடைத்தாளைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், முந்தைய ராத்திரி 12 மணிக்கு ஃபிசிக்ஸ் ரிப்போர்ட், காலை 8 மணிக்கு கெமிஸ்ட்ரி க்விஸ், இந்தத் தேர்வுக்கு வரும் வழியில் காரில் 20 நிமிடம் தூங்கினேன் என்று சொன்னாள். அந்த செமஸ்டர் முடிவில் சி. திரும்பப் படிக்க வழியில்லாத சி. அவள் டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டாள், நன்றாகவும் இருக்கிறாள், ஆனால் ஆசைப்பட்ட வளாகம் கிடைக்கவில்லை. அந்த ஒரு மதிப்பெண்ணால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த மூன்று கணக்குகளும் அவளுக்குத் தெரியும் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

இந்த செமஸ்டரைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்கு இன்னொரு காரணம் நாள்காட்டி. அடுத்த இலையுதிர் பருவத்தில் சேர விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பரில் அனுப்புகிறார்கள். அதில் தன்னைப் பற்றிய நான்கு கேள்விகளுக்கு எழுத வேண்டும். ஒன்று கட்டாயம், துறைக்கு எப்படித் தயாரானாய் என்பது. மற்ற மூன்றை ஏழிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். நான்கையும் ஒழுங்காக எழுத வாரங்கள் ஆகும். ஐந்து பாடத்தின் இடைத்தேர்வும் அதே சமயத்தில் வரும். இந்த செமஸ்டரின் மதிப்பெண்ணை ஜனவரியில் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும், வளாகங்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. அவர்கள் முடிவுக்கு முன் பார்க்கும் கடைசி மதிப்பெண் இது. இதற்கு முந்தைய இரண்டு செமஸ்டரில் 13, 14 எடுத்து நன்றாகச் செய்தவள், எல்லோரும் உற்றுப் பார்க்கிற செமஸ்டரில் 21க்குத் தாவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியென்றால் பாரத்தை ஸ்பிரிங்குக்குத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அளவோடு தள்ளலாம். ஏப்ரலில் கிடைக்கும் இடம் நிபந்தனையோடு வருகிறது. விண்ணப்பத்தில் "ஸ்பிரிங்கில் படிப்பேன்" என்று எழுதிய பாடங்களை முடிக்க வேண்டும், டி, எஃப் கூடாது, வளாகம் சொல்லும் ஜி.பி.ஏ.யும் காக்க வேண்டும், பாடம் ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். முடியாத பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு மே மாதத்தில் ஒரு பாடத்தில் விழுந்தால் கிடைத்த இடமே கைவிட்டுப் போகும். நவம்பரில் எழுதும்போதே, நிச்சயம் முடிப்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

"நிறைய யூனிட் எடுத்தால் யு.சி. மெச்சிக்கொள்ளும்" என்று மகள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதில் உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: துறைக்கான பாடங்களை முடித்தாளா, எப்படி முடித்தாள், மதிப்பெண் ஏறுமுகமா இறங்குமுகமா, சூழ்நிலை என்ன என்பதைப் பார்க்கிறார்கள். வேலை பார்த்தால் வாரத்துக்கு எத்தனை மணி என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். அவளுடைய 15 மணி நேரம் அங்கே தெரியும். அவள் உழைப்பாளி என்று காட்ட ஐந்தாவது பாடம் தேவையில்லை. ஒரு பி-யோடு 21ஐயும் எல்லா ஏ-யோடு 16ஐயும் பக்கத்தில் வைத்தால் படிக்கிறவர் மனசு எந்தப் பக்கம் சாயும் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். கட்டாயமில்லாத கெமிஸ்ட்ரிக்காகக் கட்டாயமான ஃபிசிக்ஸில் இறங்குவதை யாரும் மெச்சமாட்டார்கள் என்பது என் துணிபு.

கவுன்சிலர் ஒப்புதல் பற்றி. பல காலேஜ்களில் 18 யூனிட்டுக்கு மேல் போக அனுமதி வேண்டும். அந்த அனுமதி பெரும்பாலும் ஜி.பி.ஏ.யைப் பார்த்துக் கொடுப்பது. கடை வேலையையும் வீட்டு நிலவரத்தையும் அவள் சொல்லியிருந்தால் ஒழிய அவருக்குத் தெரியாது. அரை மணி நேரச் சந்திப்பு அது. அவர்மேல் குறை இல்லை. இன்னொரு முறை நேரம் வாங்கி, வேலை நேரத்தையும் அசிஸ்ட் பக்கங்களையும் கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைத்தால் சரியாக இருக்காது. 20 யூனிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் அப்படிச் செய்தான். அவனுக்கு வேலை இல்லை, காலேஜுக்கு நடந்து வரும் தூரத்தில் வீடு, பாடங்களில் இரண்டு அவனுக்கு ஏற்கெனவே பழகியவை, முந்தைய செமஸ்டரில் 17 எடுத்து மூச்சுத் திணறாமல் முடித்திருந்தான். நான் பார்த்தவர்களில் தாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இப்படிப் படிப்படியாக ஏறி வந்தவர்கள். 14லிருந்து நேரே 21க்குப் போய்த் தாங்கியவர் எனக்கு நினைவில் இல்லை. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, என் வகுப்பில் வந்தவர்களை வைத்துச் சொல்கிறேன்.

அவள் பிடிவாதமாக இருந்தால் ஒரு நடுவழி இருக்கிறது. எல்லாவற்றிலும் பதிவு செய்துகொள்ளட்டும். முதல் வாரத்தில் ஐந்து சிலபஸும் கையில் வந்துவிடும். எல்லாத் தேர்வு நாளையும், பெரிய வீட்டுப்பாடம் கொடுக்கும் நாளையும் ஒரே நாள்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். அக்டோபரில் ஒரே வாரத்தில் நான்கு விழுந்தால் அவளே பார்ப்பாள், நீங்கள் சொல்லத் தேவையிருக்காது. ஆரம்ப வாரங்களில் ஒரு தேதிக்குள் விட்டால் சான்றிதழில் தடமே இருக்காது, அதற்கும் முன்னால் வரும் ஒரு தேதிக்குள் விட்டால் பணமும் திரும்பும். இரண்டு தேதியும் காலேஜ் நாள்காட்டியில் இருக்கும். அதற்கு அப்புறம் விட்டால் பாடத்தை நடுவில் விட்டதற்கான குறியாக டபிள்யூ விழும், அதுவும் செமஸ்டரில் முக்கால் பங்கு போவதற்குள் செய்ய வேண்டும். ஒரே ஒரு டபிள்யூவால் யாருக்கும் கதவு மூடியதாக நான் பார்த்ததில்லை. ஆனால் உதவித்தொகை வாங்குகிறவள் என்றால், எடுத்த யூனிட்டில் 67 சதவீதம் முடிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், விட்டதும் கணக்கில் வரும். முழுநேர மாணவி என்ற தகுதிக்கு 12 யூனிட் போதும். அதற்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம்.

சம்மருக்குத் தள்ளுவதையும் பலர் கேட்கிறார்கள். ஹியூமானிட்டீஸை சம்மரில் வைக்கலாம், நல்ல யோசனைதான். 5 யூனிட் கணிதத்தையோ கெமிஸ்ட்ரியையோ 6 வாரத்தில் முடிக்கப் போகிறேன் என்றால், 16 வார உழைப்பு 240 மணி 6 வாரத்தில் அடங்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி, ஒரே பாடத்துக்கு. வேலையை நிறுத்தினால் முடியும்.

மூன்றாவது வருடம் பற்றி. மேலே போட்ட கணக்குப்படி அவளுக்கு அது தேவைப்படாது. ஆனால் ஒரு பாடம் நிறைந்துபோய் இடம் கிடைக்காமல் போகலாம், ஃபிசிக்ஸ் 2 கஷ்டப்படுத்தலாம். அப்போது ஒரு வருடம் கூடினால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தால் இந்தப் பயமே பாதி குறையும். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 24 யூனிட் படித்தாலும் 1,104 டாலர். கட்டணச் சலுகைகளில் சில முதல் இரண்டு வருடத்தோடு முடிந்துவிடும் என்பதால் முழுக் கட்டணத்தையே போட்டேன். யு.சி.யில் ஒரு வருடக் கட்டணம் மட்டும் 14,000 டாலருக்கு மேல், தங்க, சாப்பிடத் தனி. இங்கே அரைகுறையாகப் படித்த ஃபிசிக்ஸை வைத்துக்கொண்டு அங்கே போய் ஒரு வருடம் கூடுதலாக இருந்தால் அதன் விலை அது. மூன்று வருடம் எடுத்தவள் என்று யு.சி. புள்ளி குறைப்பதில்லை. கம்யூனிட்டி காலேஜில் மட்டுமே படித்தவர்களுக்கு யூனிட் கூடிப்போனது என்று கதவை அடைப்பதும் இல்லை. 70 செமஸ்டர் யூனிட் வரைதான் கணக்கில் எடுப்பார்கள், அதற்கு மேல் படித்த பாடங்கள் பாடத் தேவையை நிறைவேற்ற உதவும். ஒரு வருடச் சம்பளம் தள்ளிப்போவது மட்டும் உண்மையான இழப்பு, அதை நான் சிறிதென்று சொல்லமாட்டேன்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. 21 வயதானால் அந்தத் தகுதி போய்விடும், எஃப்-1 என்ற மாணவர் விசா மாதிரி வேறு வழிக்கு மாற வேண்டும். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் இந்த அவசரத்துக்குப் பின்னால் அந்தப் பிறந்தநாள்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. இருந்தால், யூனிட்டை ஏற்றுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். மேலே சொன்ன கொக்கிகள் பிறந்தநாளுக்காக வேகமாக நகராது, 21 யூனிட் எடுத்தாலும் டிரான்ஸ்ஃபர் அதே அடுத்த இலையுதிர் பருவத்தில்தான்.

அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, பிள்ளை கஷ்டப்பட்டுத்தான் படிக்க வேண்டும். கால்குலஸ் 3, ஃபிசிக்ஸ் 2, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மூன்றையும் ஒரே செமஸ்டரில் ஏ-யோடு முடிப்பதே கஷ்டமான வேலை. இந்த மூன்றும் சேர்ந்து வரும் செமஸ்டரில்தான் என் வகுப்பில் நல்ல பிள்ளைகளும் முதல்முறையாக உதவி கேட்டு என் அறைக்கு வருவார்கள். உங்கள் மகளையும் முதல் வாரத்திலிருந்தே ஆசிரியர் அறைக்குப் போகச் சொல்லுங்கள், அதற்கு நேரம் வேண்டுமென்றால் கடை வேலையை 15லிருந்து 10 மணி ஆக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அசிஸ்ட் பக்கத்தில் கெமிஸ்ட்ரி கட்டாயம் என்று வந்தால், ஹியூமானிட்டீஸை இறக்கிவிட்டு 18 ஆக்கலாமா, அல்லது கெமிஸ்ட்ரி கேட்கும் அந்த ஒரு வளாகத்தைப் பட்டியலிலிருந்து விடலாமா என்பது அடுத்த கேள்வி. அதை வளாகங்களின் பெயரோடு இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.